பொடக்காளியில் டேப்

வரைபடத்தில் தொட்டி அழகாக இருக்கிறது.
மூன்று அறை, நடுவில் இரண்டு தடுப்பு,
அடியில் ஆறு அங்குலக் கான்கிரீட்.
காற்றுக்குழாயின் தலைக்கு ஒரு தொப்பி கூட
நீல மையில் போட்டிருக்கிறார்
இந்த இடத்தையே பார்க்காமல் ஈரோட்டிலிருந்து வரைந்தவர்.

மூடியைத் தூக்கச் சொன்னேன்.
குப்புராஜ் கடப்பாரை தேடிப் போனார்.
"நேத்துத்தானுங் பூசுனோம், ஈரம் காயலை" என்றார் கொத்தனார்.
பூச்சு வெடித்து, வெடிப்பில் அருகம்புல் முளைத்திருந்தது.

தெய்வாத்தாள் மோர் கொண்டுவந்தாள்,
ஒரம்பரைக்கு எடுக்கிற பெரிய டம்ளரில்.
வேண்டாம் என்றால் ஒரு அர்த்தம்,
குடித்தால் வேறொரு அர்த்தம்.
சித்திரை வெயில். குடித்துவிட்டேன்.

போர் எத்தனை அடிங்க?
"ஆயிரத்து நாப்பதுங் மேடம்.
எழுநூறு வரைக்கும் வெறும் புகை.
தொள்ளாயிரத்து அறுபதுல ஒரு இஞ்சு.
மூணு பாயிண்ட் ஓட்டுனோம், ரெண்டு பொய்யாப் போச்சு."
பையனின் பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொல்வதுபோல
அடி அடியாய் மனப்பாடம்.
வெள்ளகோவிலில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான்.

தொட்டி எத்தனை அடிங்க?
அவர் கொத்தனாரைப் பார்த்தார்.
கொத்தனார்
தறிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்.

மூடி நகர்ந்தது.
அறையுமில்லை, தடுப்புமில்லை.
ஏழு சிமெண்ட் உறை, ஒன்றன்மேல் ஒன்று.
ஜல்லி ஒன்றை உள்ளே போட்டேன்.
கான்கிரீட் இருந்தால் டணங்கென்று கேட்கும்.
பொத்தென்றது.

"இந்த லைன்ல பதினாறு வீடுங்க,
பதினாறும் நாந்தான் எறக்குனேன்.
இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு ரொம்புனதில்லீங்!"
ரொம்பாததுதான் குற்றம் என்று
இவருக்கு எந்த வாயால் சொல்வது.
கழிவுநீர் லாரிக்காரர் சடையன் போன மாசமே சொன்னார்,
அந்த லைனில் தனக்குச் சோலியே இல்லையென்று.
எங்கள் வீட்டுத் தொட்டியும்
பதினோரு வருஷமாக ரொம்பவில்லை.
அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

டேப்பின் நுனியை அவர்கள் பெண் பிடித்தாள்.
சொந்த போருக்கு முப்பத்தொன்று.
பக்கத்து வீட்டு போருக்கு மதில் தாண்ட வேண்டும்.
எக்கி நீட்டினேன்.
அந்தப் பக்கமிருந்து ஒரு வளையல் கை
கேட்காமலே வாங்கி, இழுத்து, பிடித்துக்கொண்டது.
பத்தொன்பது அடி.
"சித்தெ இருங்க மேடம்" என்றது மதிலுக்குப் பின்னால் குரல்,
"பிடிக்கச் சொன்னாப் பிடிக்கறேன்.
எங்க தொட்டிய மட்டும் அளந்துபோடாதீங்க."

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
"ஆள் இறங்கும் வாயின் அகலம்".
'ஆள் இறங்கும்' என்பதை அடித்து
'இயந்திர' என்று மேலே எழுதியிருக்கிறது,
அலுவலகத்தில் எல்லாப் படிவத்திலும் கையாலேயே.
அளந்தேன். இருபது அங்குலம்.
லாரிக் குழாய்க்கு நாலு போதும்.
கொத்தனாரின் தோளைப் பார்த்தேன்.
ஒருக்களித்தால் நுழையும்.
இருபது என்று எழுதினேன்.

"வெசாழக்கெழமை பால் காச்சறமுங்" என்றார் குப்புராஜ்.
நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை.
என் பேர் எழுதியிருந்தது,
எழுத்துப்பிழையோடு, அதனாலேயே மனசைத் தொட்டது.
பவர் டேபிள் தையலில் பதினாலு வருஷம், ரெண்டு பேருமாக.
கரண்ட் இணைப்புக்கு இந்தத் தாள் வேண்டும்.

'அடித்தளம் இல்லை. மறு ஆய்வு' என்று எழுதி
தேதியை விட்டுவிட்டேன்.
அவர் அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே இருந்தார்.
எத்தனை நாள் என்று கேட்கவில்லை.
எவ்வளவு என்றுதான் கேட்டார், மெதுவாக,
அவள் உள்ளே போன பிறகு.
சிமெண்டுக்கா என்று நான் கேட்டேன்.
அப்புறம் ரெண்டு பேருமே பேசவில்லை.

இட்டேரியில் வண்டி திரும்பும்போது
நாக்கில் இன்னும் கொத்தமல்லி, உப்பு, பெருங்காயம்.
நல்ல மோர்.
எந்தத் தண்ணீரை ஊற்றிக் கடைந்தாள் என்று
கேட்க மறந்திருந்தேன்.